உட்காரச் சட்டம் வந்தாச்சு.. மனசு?

பி.காம் மாணவர்கள் பரீட்சைக்கு முந்தைய ராத்திரி மனப்பாடம் செய்துவிட்டு, மறுநாள் மதியமே மறந்துபோகும் சட்டங்களில் ஒன்று 1947-ம் வருடத்துத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம். அதில் 2021-ல் ஒரு திருத்தம் வந்தது. கடையில் வேலை செய்கிறவர்களுக்கு இருக்கை போட வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்பு கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம். அவ்வளவுதான்! உட்காருவதற்கு ஒரு சட்டமா என்று சிரிப்பு வருகிறதா?

துணிக்கடையில் நிற்கும் அக்காவுக்குச் சிரிப்பு வராது. கேரளாவில் இதே உரிமை 2018-லேயே வந்துவிட்டது. சும்மா வரவில்லை. கோழிக்கோட்டில் 'பெண்கூட்டு' என்ற அமைப்பின் பெண்கள் கழிவறைக்காகவும் இருக்கைக்காகவும் வருடக்கணக்கில் போராடி வாங்கியது அது.

நடப்பதைவிட அசையாமல் நிற்பதுதான் கொடுமை. நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கிச் சுருங்கி ரத்தத்தை மேலே தள்ளும். நின்றுகொண்டே இருந்தால் அது சரியாக நடக்காது, ரத்தம் காலிலேயே தேங்கும். சாயங்காலம் செருப்பு இறுக்கும். சில வருடம் போனால் சிலருக்கு நரம்பு சுருண்டு, காலில் பச்சைக் கயிறு மாதிரி புடைத்துத் தெரியும். அடிக்கடி பாத்ரூம் போக முடியாதே என்று தண்ணீரைக் குறைத்துக்கொள்பவர்களுக்கு நீர்க்கடுப்பு தனி.

இப்போது சில கடைகளில் ஸ்டூல் இருக்கிறது. போய்ப் பாருங்கள், பல சமயம் அதன் மேல் சேலைப் பெட்டிதான் உட்கார்ந்திருக்கும் :) (கணக்கு படிக்கிறவர்களுக்கு ஒரு வேடிக்கை. வருமான வரியில் மேஜை, நாற்காலிக்கு வருடத்துக்கு 10 சதவீதம் தேய்மானம் கழித்துக்கொள்ளலாம். ஆக, யாரும் உட்காராத ஸ்டூல் தேய்ந்துவிட்டதாகக் கணக்கு ஏறும். பக்கத்தில் நாள் முழுக்க நின்ற முழங்காலுக்கு எந்த லெட்ஜரிலும் இடம் கிடையாது.)

ஏன் உட்காருவதில்லை? பாதிக் காரணம் சூப்பர்வைசரும் மேலே இருக்கும் கேமராவும். சட்டம் இருந்தாலும் வேலை போய்விடுமோ என்ற பயம் அவ்வளவு சீக்கிரம் போகாது. அதை யாரும் குறை சொல்ல முடியாது. மீதிப் பாதிதான் விசித்திரம். கஸ்டமரே இல்லாத மத்தியான நேரத்தில், யாரும் பார்க்காதபோதுகூட, உட்கார்ந்தவுடன் ஒரு உறுத்தல்.. ஏதோ திருடிய மாதிரி.

வார லீவு நாளிலும் அதே கதைதான். ஆறு நாள் நின்றவர் ஏழாவது நாள் துணி துவைக்கிறார், மாவு அரைக்கிறார், ரேஷன் கடை வரிசையில் நிற்கிறார். மதியம் பத்து நிமிஷம் சாயலாம் என்று பார்த்தால், யாராவது வந்த சத்தம் கேட்டதுமே எழுந்து முடியை அள்ளி முடிந்துகொள்கிறார். "சும்மாதான் உட்கார்ந்திருக்கேன்" என்று அவராகவே விளக்கம் வேறு! அந்த 'சும்மா'வை யாரும் கேட்கவேயில்லை. வேலையில்லாமல் ஒரு பெண் உட்கார்ந்திருந்தால் காரணம் சொல்லியாக வேண்டும் என்று சின்ன வயதிலிருந்தே பழக்கிவிட்டார்கள். இந்தச் 'சும்மா'வை எடுக்க எந்தச் சட்டசபையில் திருத்தம் கொண்டுவருவது?

கவுண்டருக்கு இந்தப் பக்கம் இருப்பவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. மெத்தையில் சாய்ந்துகொண்டு நாற்பது சேலையை விரிக்கச் சொல்கிறவர்களுக்கு, காட்டுகிறவர் உட்கார்ந்தால் மட்டும் 'மரியாதை தெரியாத ஆள்' என்று தோன்றிவிடுகிறது. அந்த முகச்சுளிப்பைப் பார்த்துத்தான் முதலாளியும் நிற்கச் சொல்கிறார்.

அடுத்த முறை துணி எடுக்கப் போகும்போது, உட்கார்ந்திருக்கும் அக்கா உங்களைப் பார்த்துப் பதறி எழுவதற்குள், "உட்காந்தே காட்டுங்கக்கா, பரவாயில்ல" என்று சொல்லிப் பாருங்கள். முதலில் நம்ப மாட்டார். சூப்பர்வைசர் இருக்கும் திசையில் ஒரு பார்வை போகும். அப்புறம் உட்காருவார், ஸ்டூலின் நுனியில்.