ஷில்லாங்: இரவல் பாட்டும் சொந்தப் பாட்டும்

ராக் இசைக்குப் பெயர்போன மலை நகரம். ஆனால் அதன் சொந்தப் பாட்டைத் தேடிப்போய்த்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

மே 24 அமெரிக்கப் பாடகர் பாப் டிலனின் பிறந்தநாள். டிலனின் சொந்த ஊர் அதை நினைவு வைத்திருக்கிறதோ இல்லையோ, ஷில்லாங் வைத்திருக்கிறது. 1972-ல் லூ மாஜாவ் என்ற உள்ளூர்ப் பாடகர் அந்த நாளில் டிலன் பாடல்களைப் பாடிக் கச்சேரி நடத்தினார். பிறகு ஆண்டு தவறாமல் ஒரு விரதம்போல அதைத் தொடர்ந்தார். நீண்டு நரைத்த தலைமுடி, கையில் கிடார், கிழிசல் ஜீன்ஸ் அரைக்கால் சட்டை: 1947-ல் பிறந்த மாஜாவின் இந்தக் கோலம் வடகிழக்கில் எல்லோருக்கும் அத்துபடி. மேகாலயா தனி மாநிலமானதும் அதே 1972-ல்தான். மாநிலத்துக்கும் கச்சேரிக்கும் ஒரே வயது.

'இந்தியாவின் ராக் தலைநகர்' என்று ஷில்லாங்குக்குப் பட்டம் வாங்கிக் கொடுத்தவர்களில் மாஜாவும் ஒருவர். பட்டத்தில் பெருமை உண்டு, ஒரு சங்கடமும் உண்டு. வெளியிலிருந்து வருகிறவர்கள் இங்கே எதிர்பார்ப்பது மேற்கத்தியப் பாடல்களை அச்சு அசலாகப் பாடும் குழுக்களை. ஹோட்டல்களும் அதற்குத்தான் பணம் தருகின்றன. சொந்தமாகப் பாட்டுக் கட்டுகிறவர் அடுத்த மேடைக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

குவாஹாத்தியிலிருந்து ஷில்லாங் சுமார் 100 கிலோமீட்டர். உமியம் ஏரியைத் தாண்டியதும் பைன் மரங்களும் குளிரும் வரவேற்கின்றன. சுமார் 1,500 மீட்டர் உயரத்திலுள்ள இந்த ஊருக்குப் பாட்டு எப்படி இவ்வளவு ஒட்டிக்கொண்டது? காரணத்தைத் தேட 1841-க்குப் போக வேண்டும். அந்த ஆண்டு வேல்ஸ் நாட்டிலிருந்து தாமஸ் ஜோன்ஸ் என்ற பாதிரியார் சிரபுஞ்சிக்கு வந்து சேர்ந்தார். காஸி மொழிக்கு ரோமன் எழுத்தை அமைத்துக் கொடுத்தவர் அவர். கூடிப் பாடுவதில் பேர்போனவர்கள் வேல்ஸ்காரர்கள். அவர்கள் நிறுவிய தேவாலயங்களில் குழந்தைகள் எழுதப் படிக்கக் கற்றதோடு, பல குரல்களில் சேர்ந்திசைக்கவும் கற்றார்கள். மேகாலயாவில் இன்று நான்கில் மூன்று பேர் கிறிஸ்தவர்கள். ஞாயிறு காலையில் லைத்தும்க்ரா பகுதியில் நடந்து போனால் இந்த ஊரின் இசைப் பள்ளிக்கூடம் எது என்று புரிந்துவிடும்.

அந்தப் பள்ளிக்கூடத்தின் மிகப் பிரபலமான விளைச்சல் ஷில்லாங் சேம்பர் கொயர். 2001-ல் நீல் நோங்கின்ரி உருவாக்கிய இந்தச் சேர்ந்திசைக் குழு 2010-ல் ஒரு தொலைக்காட்சிப் போட்டியில் வென்று நாடு முழுவதும் தெரிந்த பெயரானது. நோங்கின்ரி 2022 ஜனவரியில் காலமானார். ஆனால் ஒரு குழு புகழ் பெற்றதாலேயே மற்றவர்கள்மீது வெளிச்சம் விழுந்துவிடுவதில்லை.

உதாரணம், சோல்மேட். ரூடி வாலாங் கிடாரும் டிப்ரிட்டி கார்பங்கரின் குரலும் சேர்ந்து 2003-ல் தொடங்கிய புளூஸ் இசைக்குழு. அமெரிக்கக் கறுப்பின மக்களின் துயரத்தில் பிறந்த இசை புளூஸ். அதன் தலைவாசலான மெம்ஃபிஸ் நகரில் நடக்கும் சர்வதேசப் போட்டிக்கு 2007-ல் போய்ப் பாடிவிட்டு வந்தார்கள் இந்த இருவரும். பாடியவை சொந்தப் பாடல்கள். 'ஷில்லாங்' என்றே பெயரிட்ட ஆல்பமும் அவர்களுடையது. புதிதாகக் கேட்க விரும்புகிறவர் அதிலிருந்து தொடங்கலாம். டிப்ரிட்டி உச்சத்தில் பாடும்போது இரவல் என்ற சொல்லே மறந்துபோகும்.

அடுத்த படி, காஸி மொழியிலேயே பாடுகிறவர்கள். சம்மர்சால்ட் என்ற குழு கிடாரையும் டிரம்ஸையும் நாட்டுப்புற இசையோடு சேர்த்தது. 2016-ல் வந்த 'ராக் ஆன் 2' இந்திப் படத்தில் அவர்கள் இசை இடம்பெற்றது. காஸி பிளட்ஸ் என்ற இளைஞர் குழு ஆங்கிலத்தோடு காஸியிலும் ராப் பாடுகிறது.

இவர்களின் சிக்கல் எளிமையானது, கடினமானதும்கூட. 2011 கணக்கெடுப்பின்படி காஸி பேசுகிறவர்கள் சுமார் 14 லட்சம் பேர். பாட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போக இந்த மொழிக்குப் பெரிய சினிமா உலகம் கிடையாது. கேசட் காலத்தில் விற்பனை மலையைத் தாண்டவில்லை. இப்போது இணையத்தில் யார் வேண்டுமானாலும் பாட்டை ஏற்றிவிடலாம். ஆனால் ஒருவர் ஒருமுறை கேட்டால் கலைஞருக்கு வருவது பைசாக் கணக்கு. மேடை இருந்தால்தான் அடுப்பெரியும்.

2022-ல் மேகாலயா அரசு ஒரு காரியம் செய்தது. சுற்றுலா இடங்களிலும் பொது இடங்களிலும் உள்ளூர்க் கலைஞர்களைப் பாட வைத்து, அதற்குச் சம்பளம் தரும் திட்டத்தைக் கொண்டுவந்தது. முதல்வர் கான்ராட் சங்மாவே மேடையேறி கிடார் வாசிக்கக் கூடியவர் என்பதால் இதில் ஆச்சரியமில்லை. பெயர் தெரியாத பல குழுக்களுக்கு இது முதல் மேடை. ஊர் சுற்ற வந்தவர்கள் ஏரிக்கரையில் போட்டோ எடுத்து முடித்ததும் பத்து நிமிடம் நின்று கேட்டாலே திட்டத்தின் பாதி நோக்கம் நிறைவேறிவிடும். அரசால் மேடை போட முடியும், சம்பளம் கொடுக்க முடியும். நின்று கேட்கும் காதுகளை அது எங்கே போய்க் கொண்டுவரும்?

கிடார் வருவதற்கு முன்பே இந்த மலையில் துயிதாரா இருந்தது. ஒரே மரத்தைக் குடைந்து, தோல் போர்த்தி, நான்கு தந்திகள் கட்டிய வாத்தியம். மடியில் வைத்து மீட்டினால் வறண்ட, நறுக்கென்ற ஒலி. கதை சொல்லும் பாடகர்களுக்கு அது துணைக்குரல். துயிதாராவைச் செய்யவும் வாசிக்கவும் கற்றுக்கொடுத்துவரும் லைட்கிர்ஹோங் கிராமத்தின் ரைசிங்போர் குர்கலாங்குக்கு 2023-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. பட்டறையில் உட்கார்ந்து மரம் செதுக்கும் ஒருவரை டெல்லி கண்டுபிடித்துவிட்டது. ஷில்லாங் வரும் பயணிகளில் எத்தனை பேர் கண்டுபிடித்திருப்பார்கள்?

இன்னொரு வாத்தியம் தங்முரி. ஷெனாய்போலச் சீவாளி வைத்து ஊதுவது. நாகஸ்வரம் கேட்டு வளர்ந்த காதுக்கு, தூரத்துச் சொந்தக்காரர் குரல்போல இருக்கும். ஏப்ரலில் ஷில்லாங்கின் வெய்க்கிங் மைதானத்தில் நடக்கும் ஷாட் சுக் மின்சியம் நடனத்துக்கும், நவம்பர் வாக்கில் ஸ்மித் கிராமத்தில் நடக்கும் நோங்கிரெம் நடனத்துக்கும் தங்முரியும் முரசுகளும்தான் உயிர். பழைய சமய மரபைக் காக்க 1899-ல் தொடங்கிய செங் காஸி அமைப்பு இல்லாதிருந்தால் இந்த ஒலி எப்போதோ தேய்ந்திருக்கலாம்.

பாட்டைத் தேடும் பயணம் முடிய வேண்டிய இடம் ஷில்லாங் அல்ல. 50 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரத்தில், பாக்குத் தோப்புகளும் துடைப்பப் புல் விளையும் சரிவுகளும் சூழ்ந்த கோங்தோங் கிராமம். இங்கே குழந்தை பிறந்ததும் தாய் அதற்கென்று ஒரு மெட்டுக் கட்டுகிறாள். சொற்கள் கிடையாது, வெறும் ராகம்தான். 'ஜிங்ர்வாய் இயாவ்பெய்' என்று பெயர். ஆதித் தாய்க்குச் செலுத்தும் மரியாதை. வீட்டு வாசலில் கூப்பிட மெட்டின் குறுகிய துண்டு. காட்டில் கூப்பிட முழு நீள மெட்டு. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் காட்டுத் தீய ஆவிகள் கேட்டுவிடும், மெட்டு என்றால் அவற்றுக்குப் புரியாது என்பது நம்பிக்கை. ஒருவர் மெட்டு இன்னொருவருக்குக் கிடையாது. ஆள் போனால் மெட்டும் போயிற்று.

2021-ல் ஐ.நா. சுற்றுலா அமைப்பின் சிறந்த கிராமப் போட்டிக்கு இந்தியா அனுப்பிய பெயர்களில் கோங்தோங்கும் இருந்தது. இப்போது கார்கள் வருகின்றன, கேமராக்கள் வருகின்றன. வருமானம் நல்லதுதான். ஆனால் பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடும் ராகத்தை, விருந்தாளி கேட்டார் என்பதற்காகப் பத்து முறை பாட வேண்டிவந்தால் அது கூப்பாடாக இருக்காது, காட்சியாகிவிடும். அதனால் இங்கே போகிறவர்கள் ஓர் இரவாவது தங்குவது நல்லது. மாலையில் வேலை முடிந்து ஆட்கள் வீடு திரும்பும் நேரத்தில், கேட்காமலேயே காதில் விழும்.

சரிவின் மேலிருந்து ஒரு தாய் குரல் கொடுக்கிறாள். பள்ளத்தாக்கு முழுவதற்கும் அது கேட்கிறது. பதில் சொல்ல வேண்டியவர் ஒருவர்தான்.