யுத்த விளையாட்டும் மனச்சாட்சியும்

யுத்தத்தைப் பொருளாகக் கொண்ட கணினி விளையாட்டுகளை இன்று நம் தோட்டத்துப் பிள்ளைகளும் பட்டணத்துப் பிள்ளைகளும் ஒன்றுபோலவே ஆடி வருகின்றனர். எதிரியைச் சுடு, புள்ளி சேர், வெற்றி கொண்டாடு என்பதே அவற்றுள் பெரும்பாலானவற்றின் போக்கு. பெற்றோர் இவற்றை வீண்பொழுது என்று ஒதுக்குவது இயல்பே. ஆயினும், அவ்வாறு ஒதுக்கவொண்ணாத ஒன்றைப் பற்றியே இங்குச் சொல்லப் புகுகின்றோம்.

2012ஆம் ஆண்டில் பெர்லின் நகரத்து யாகர் நிறுவனத்தார் ஆக்கிய 'ஸ்பெக் ஆப்ஸ்: தி லைன்' என்பதே அது. மணற்புயலில் புதைந்த துபாய் நகரில் உயிர் பிழைத்தோர் உளரா என்று பார்த்துச் செய்தி சொல்லுமாறு, கப்டன் வாக்கர் என்னும் அமெரிக்கன் இரு வீரருடன் அனுப்பப்படுகின்றான். அவன் அத்தோடு நில்லாமல் நகருக்குள் முன்னேறுகின்றான். எதிர்ப்பட்ட தன் நாட்டுப் படையினர்மீதே வெள்ளைப் பாஸ்பரஸ் குண்டுகளைப் பொழிகின்றான். புகை அடங்கியபின் சென்று பார்த்தால், அவ்விடத்தில் தஞ்சம் புகுந்திருந்த தாய்மாரும் குழந்தைகளும் வெந்து கிடக்கின்றனர். அதன்பின் பழி முழுவதையும் கோன்ராட் என்னும் கர்னல்மீது சுமத்தி, அவனைத் தேடிச் செல்கின்றான். முடிவில் அவன் காண்பது, முன்பே இறந்துபோன கோன்ராடின் பிணத்தையே! வழியெல்லாம் வானொலியில் கேட்ட கோன்ராடின் குரல் வாக்கரின் மனமே படைத்துக்கொண்ட குரல்.

இக்கதைக்கு நான்கு முடிவுகள் உண்டு. வாக்கர் அங்கேயே மாளலாம். மீட்க வந்தோரிடம் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டுத் திரும்பலாம். அவர்களோடு போரிட்டு மடியலாம். அவர்களையும் கொன்றுவிட்டு அங்கேயே தங்கலாம். இந்நான்கினுள் ஒன்றையேனும் வெற்றி என்று சொல்ல நமக்கு நா எழவில்லை.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழுகின்றது. அக்குண்டுகளைப் பொழியாமல் கதையில் மேலே செல்ல வழியே வைக்கவில்லை; வேறு வழி வைக்காதவர்கள் ஆடியவனைக் குற்றவாளி என்பது தகுமா? தகும் என்பாரின் விடை யாதெனில், விளையாட்டை நிறுத்திவிட்டு எழுந்து போகும் வழி அவனுக்கு எப்போதும் திறந்தே இருந்தது என்பதாம். நாமும் அதனை ஏற்கின்றோம். ஆனால், மெய்யான யுத்தத்தில் அகப்பட்டோருக்கு அவ்வழி உண்டா?

நம் நெகிரி செம்பிலான் மண்ணையே எடுத்துக்கொள்வோம். ஜப்பானியர் 415 கிலோமீட்டர் நீளமுள்ள சயாம்-பர்மா ரயில் பாதையை 1943ஆம் ஆண்டு அக்டோபரில் முடித்தனர். கெமாசிலிருந்து வடக்கே செல்லும் கிழக்குக்கரைப் பாதையின் தண்டவாளங்களில் ஒரு பகுதியைப் பெயர்த்து அதற்குக் கொண்டுபோயினர். மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழரையும் கொண்டுபோயினர். போனவருள் திரும்பாதோர் மிகப் பலர். அதே 1943இல் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூருக்கு வந்தார். தோட்டத்து ஆண்களும் பெண்களும் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தனர். ஒரு கையால் நம்மவரைச் சாவுக்கு இழுத்த ஜப்பான், மறு கையால் நம்மவரின் விடுதலைப் படைக்குத் துணை நின்றது. இதில் எந்தக் கையைப் பற்றியவரை நாம் குறை கூறுவது?

தம்பின் பக்கத்துத் தோட்டமொன்றில் எமது சிறு வயதில் முதிய கிராணி ஒருவர் இருந்தார். ரயில் வேலைக்குப் பெயர்ப் பட்டியல் எழுதிக் கொடுத்தவர் அவரே என்று லயத்தில் பேச்சு. சிலர் அவர் வீட்டு நல்லது கெட்டதுக்குப் போகமாட்டார்கள். வேறு சிலரோ, அவர் தம் தகப்பனாரின் பெயரை எழுதாமல் விட்டதனாலேயே தம் குடும்பம் பிழைத்தது என்பார்கள். இருதரப்பாரும் சொன்னது ஒரே பட்டியலைப் பற்றித்தான். ஒரு பெயரை விட்டால் அவ்விடத்தில் இன்னொரு பெயரை எழுதவேண்டும். எழுத மறுத்தால் தாமே போகவேண்டும், அல்லது அடிபட்டுச் சாகவேண்டும். அவர் அதைப்பற்றி ஒரு சொல்லும் பேசாமலே இறந்துபோனார்.

வாக்கரையும் அக்கிராணியையும் ஒரே தராசில் நிறுத்தலாகாது என்பதே நமது துணிபு. விலகுவதற்கு ஒருவனுக்கு எவ்வளவு இடம் இருந்ததோ, அவ்வளவே அவன் பொறுப்பு. வாக்கருக்குத் திரும்பும் கட்டளையே இருந்தது. கிராணிக்கோ கழுத்தில் கத்தி இருந்தது. ஆகவே அவர் குற்றமற்றவர் என்று சொல்லவும் நாம் துணியோம். பட்டியலில் ஏறிய பெயருக்கும் மனைவி மக்கள் இருந்தனர் அன்றோ!

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை இத்தகைய விளையாட்டை ஆடி முடித்தால், வென்றாயா என்று கேளாதீர்கள். எந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம் என்று கேளுங்கள். அவன் யோசிக்கத் தொடங்கியபின், நம் பாட்டன் பாட்டிமாருக்கு நிறுத்தும் இடமே வாய்க்காத அந்த மூன்றரை ஆண்டுக் கதையையும் மறைக்காமல் சொல்லுங்கள்.