கை நீட்ட நூறு கிலோமீட்டர்

பக் தாம் சுங் பேருந்து நிறுத்தத்துக்கு அப்பால் சாலை முழுக்க ஆட்கள், எல்லோரும் நான்கு நான்கு பேராக நிற்கிறார்கள். வெள்ளிக்கிழமை காலை, ஹாங்காங் அலுவலகங்களில் மின்தூக்கிக்கு வரிசை நிற்கும் நேரம். இவர்களோ விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, கட்டணமும் கட்டிவிட்டு, நூறு கிலோமீட்டர் மலைப்பாதையை நடந்து கடக்க வந்திருக்கிறார்கள். கெடு 48 மணி நேரம். ஆக்ஸ்பாம் டிரெயில்வாக்கர் என்று பெயர். ஆண்டுதோறும் நவம்பரில் நடக்கிறது. 2019-ல் நகரமே போராட்டத்தில் கொந்தளித்தபோது ரத்தானது. கொரோனாவும் தன் பங்குக்குக் குறுக்கிட்டது.

விதிகளில் ஒன்றுதான் மற்ற எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது: நால்வர் அணி, ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் நால்வரும் சேர்ந்தே பதிவு செய்ய வேண்டும். வேகமானவர் முந்திப் போய் நிழலில் உட்கார்ந்திருக்கலாம், ஆனால் கணக்கில் வராது. அணியின் வேகம் என்பது அதில் மிக மெதுவாக நடப்பவரின் வேகம். முடியாதவர் விலகலாம், ஆனால் நடுக்காட்டில் விட்டுவிட்டுப் போகக்கூடாது. சாவடியில் ஒப்படைத்துவிட்டுத்தான் மற்றவர்கள் தொடரலாம்.

இந்த விதியில் பட்டாள வாசனை அடிப்பதற்குக் காரணம் இருக்கிறது. 1981-ல் இதைத் தொடங்கியது பிரிட்டிஷ் ராணுவத்தின் கூர்க்கா சிக்னல்ஸ் படைப்பிரிவு. சிப்பாய்களுக்கு அது பயிற்சி. கூடவே, ஓய்வுபெற்று நேபாள மலைகளில் வறுமையில் இருந்த பழைய கூர்க்காக்களின் நல நிதிக்குப் பணம் திரட்டும் வழியும் ஆனது. பாதையே அப்போதுதான் புதிது. மலையேற்றப் பிரியரான ஆளுநர் மெக்லஹோஸ் பெயரில் 1979-ல் திறக்கப்பட்டது. பொதுமக்களை 1986-ல் சேர்த்துக்கொண்டார்கள். அந்த ஆண்டு வறுமை ஒழிப்பு அமைப்பான ஹாங்காங் ஆக்ஸ்பாமும் கைகோத்தது. 1997-ல் பிரிட்டிஷ் கொடி இறங்கி கூர்க்காக்கள் கிளம்பியதும் முழுப் பொறுப்பும் ஆக்ஸ்பாம் தலையில் வந்தது. இங்கிருந்து இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து என்று பரவி, நம் பெங்களூர் வரைக்கும் போனது.

நான் நடக்க வரவில்லை. இங்கே வாழும் தமிழர்கள் நால்வர் சேர்ந்த ஓர் அணிக்கு உதவியாள். வங்கியில் மென்பொருள் பார்க்கும் திருச்சிக்காரர் தலைவர். ஒரு பள்ளி ஆசிரியை. காரைக்குடிப் பக்கத்து ஆராய்ச்சி மாணவன் ஒருவன். நான்காமவர் கப்பல் நிறுவனமொன்றில் கணக்குப் பார்ப்பவர், ஐம்பதைத் தாண்டியவர், எல்லோருக்கும் அக்கா. என் பையில் எலுமிச்சைச் சாதம், தயிர்சாதம், ஊறுகாய், சுக்குக் காப்பி ஊற்றிய பிளாஸ்க், நால்வருக்கும் மாற்றுக் காலுறை. ஊறுகாய் சுங்கிங் மேன்ஷன்ஸ் மளிகைக் கடையில் வாங்கியது.

ஒன்பதரை மணிக்கு அவர்கள் கிளம்பிப் போனதும் நான் 94-ஆம் எண் பேருந்தில் ஏறி பக் தாம் அவு போய்ச் சேர்ந்தேன். பேருந்தில் சில நிமிடம்தான். அவர்கள் வருவது கடலோரத்தைச் சுற்றிக்கொண்டு: ஹை ஐலண்ட் நீர்த்தேக்கத்தின் அணைமேல் நடந்து, அறுகோணத் தூண்களாக நிற்கும் எரிமலைப் பாறைகளைத் தாண்டி, லொங் கே கடற்கரையில் இறங்கி, உடனே செங்குத்தாக ஏறி, சை வான், ஹாம் டின் கடற்கரைகள் வழியாக 24 கிலோமீட்டர். ஹாங்காங் என்றதும் கண்ணாடிக் கோபுரங்கள் மட்டும் நினைவுக்கு வருகிறவர்கள் இந்தக் கரையோரத்தை ஒருமுறையாவது பார்க்க வேண்டும். பேருந்து நிறுத்தத்தில் எனக்குத் துணையாக நாலைந்து மாடுகள் அசைபோட்டுக்கொண்டு படுத்திருந்தன. இங்கே விவசாயம் கைவிடப்பட்டபோது அவிழ்த்து விடப்பட்ட மாடுகளின் வாரிசுகள். யாருக்கும் சொந்தமில்லை, யாரும் விரட்டுவதுமில்லை.

பிற்பகல் மூன்று மணிக்கு வந்தார்கள். சிரித்துக்கொண்டே வந்தார்கள், சாப்பிட்டார்கள், போனார்கள். இந்தக் கட்டத்தில் எல்லா அணிகளும் சிரிக்கின்றன.

சிரிப்பு நின்ற இடம் கேய் லிங் ஹா. மூன்றாம் பகுதி நீளத்தில் வெறும் 10 கிலோமீட்டர்தான், ஆனால் ஏறி இறங்கி ஏறி இறங்கி முழங்காலை அரைத்துவிடும் பாதை. இருட்டிய பின் ஒவ்வொரு அணியாகத் தலைவிளக்குகளோடு மலையிலிருந்து இறங்கி வருகிறது. பாய் விரித்து வைத்திருக்கிறார்கள். தன்னார்வலர்கள் காலுறையைக் கழற்றிக் கொப்புளத்தை ஊசியால் குத்தி, நீர் எடுத்து, நாடா ஒட்டிவிடுகிறார்கள். யார் காலையோ மடியில் வைத்துக்கொண்டு முகம் சுளிக்காமல் வேலை செய்த ஓர் இளைஞனை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து சீன அணிக்கு அவர்கள் வீட்டார் கஞ்சி கொண்டுவந்திருந்தார்கள். நம் தயிர்சாதத்தை அவர்கள் ஓரக்கண்ணால் பார்க்க, அவர்கள் கஞ்சியை நாங்கள் பார்க்க, கடைசியில் பண்டமாற்று நடந்தது. ஊறுகாயை மட்டும் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

மருத்துவ முகாமில் இருந்தவர் சொன்ன ஒரு விஷயம் புதிதாக இருந்தது. நீண்ட நடையில் தண்ணீர் குறைவதைப் போலவே வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடிப்பதும் ஆபத்து. ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய், தலைச்சுற்றல், குழப்பம், வலிப்பு வரை கொண்டுபோகும். அதனால் நடப்பவர்களிடம் அவர் கேட்பதெல்லாம் உப்பைப் பற்றி. எங்கள் ஊறுகாய்க்கு அப்போதுதான் மதிப்பு வந்தது.

அங்கே உட்கார்ந்திருந்தபோது மாணவன் அலுத்துக்கொண்டான். "ஊர்ல தைப்பூசத்துக்குப் பழநி நடந்திருக்கேன் அண்ணே. வழியெல்லாம் மோரு, பானகம், சாப்பாடு. நடக்கிறவன் யார்கிட்டயும் ஒண்ணும் கேக்க வேண்டாம். இங்க நடக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு மாசம் ஊரெல்லாம் காசு கேக்கணும். எனக்கு அதுதான் வரலை."

அவன் சொன்னது இந்த நிகழ்வின் நரம்பைத் தொடுகிறது. ஒவ்வோர் அணியும் குறைந்தபட்சத் தொகை ஒன்றைத் திரட்டித் தர வேண்டும். இந்தப் பாதையில் இத்தனை ஆண்டுகளில் 60 கோடி ஹாங்காங் டாலருக்கு மேல் சேர்ந்திருக்கிறது. ஹாங்காங்கிலும், சீனாவின் பிற பகுதிகளிலும், ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளிலும் வறுமை ஒழிப்புப் பணிகளுக்கு அது போகிறது. அந்தப் பணத்தில் எதுவும் மலையில் விளையவில்லை. தெரிந்தவர், தெரியாதவர், மேலதிகாரி, மாடிவீட்டுக்காரர் என்று ஒவ்வொருவரிடமும் ஒருவர் வாய்திறந்து கேட்டதால் வந்தது.

"நடக்கிற செலவையும் சேர்த்துப் பேசாமல் காசாகவே கொடுத்துவிடலாமே?" என்று கேட்பவர்கள் எப்போதும் உண்டு. நானும் அந்தக் கட்சியில் இருந்தவன்தான். காலணி, கைத்தடி, தலைவிளக்கு என்று இந்தக் கூட்டம் கடைகளில் கொட்டியிருக்கும் பணத்தை நினைத்தால் கேள்வி நியாயமானதே. ஆனால் நடக்காவிட்டால் அந்தக் காசைக் கேட்டிருக்கவே மாட்டார்கள். சும்மா வந்து "ஏழைகளுக்குக் கொடுங்கள்" என்றால் கதவைச் சாத்துபவர், "நான் நூறு கிலோமீட்டர் நடக்கிறேன், நீங்கள் என்ன தருவீர்கள்?" என்றால் ஒரு நிமிடம் நின்று பேசுகிறார். கேட்பதற்குக் கூச்சப்படும் மனிதருக்கு உடல் வலி ஓர் அனுமதிச் சீட்டு. இந்த நடையின் பயன் அவ்வளவுதான் என்று இப்போது நினைக்கிறேன். அதுவே பெரிய பயன்.

தூரத்துக்கும் தொகைக்கும் தொடர்பில்லை என்பதற்கு வரலாற்றில் இரண்டு உதாரணங்கள் போதும். புற்றுநோயால் ஒரு காலை இழந்த கனடா இளைஞர் டெரி பாக்ஸ், 1980-ல் செயற்கைக் காலோடு 143 நாள் ஓடி 5,373 கிலோமீட்டர் கடந்தார். நோய் நுரையீரலுக்குப் பரவியதால் தண்டர் பே அருகே ஓட்டம் நின்றது. அடுத்த ஆண்டே இறந்தார். நாட்டில் ஆளுக்கு ஒரு டாலர் என்ற அவர் இலக்கு, 2 கோடியே 40 லட்சம் டாலர், அவர் உயிரோடு இருக்கும்போதே நிறைவேறியது. 2020-ல் இங்கிலாந்தில் 99 வயது முன்னாள் ராணுவ அதிகாரி டாம் மூர், நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு தன் தோட்டத்தில் 25 மீட்டர் நீளத்தை நூறு முறை நடந்தார். மொத்தம் இரண்டரைக் கிலோமீட்டர். இலக்கு 1,000 பவுண்டு. சுகாதாரத் துறை அறநிதிக்கு வந்தது 3 கோடிக்கும் மேல். (அவர் பெயரில் குடும்பத்தார் நடத்திய அறக்கட்டளையை 2024-ல் அறநிலைய ஆணையம் கடுமையாகக் கண்டித்தது. அது வேறு கணக்கு. அந்த 3 கோடி அதில் சேராது.) இருவருமே தங்கள் உடலால் எவ்வளவு முடியுமோ அதன் விளிம்பில் நின்றார்கள். கொடுத்தவர்கள் பார்த்தது கிலோமீட்டரை அல்ல.

நள்ளிரவில் மா ஓன் ஷானைத் தாண்டி கில்வெல் முகாமில் அவர்களைப் பார்த்தபோது யாரும் பேசவில்லை. ஆசிரியை நின்றபடியே தூங்கினார். அதிகாலை மூன்று மணிக்குப் பீக்கன் ஹில்லில் கவுலூன் முழுவதும் காலடியில் விளக்காகக் கிடந்தது. நான் மட்டும்தான் பார்த்தேன். நடந்தவர்களுக்கு அடுத்த படிக்கட்டு மட்டுமே தெரிந்தது. தலைவர், பாதையோரப் புதரை ஒரு நாய் என்று நினைத்து நகரச் சொல்லிக் கையசைத்துக்கொண்டிருந்தார். இரண்டாம் இரவு வரை போகிறவர்களுக்கு இந்தக் காட்சிகள் இன்னும் கூடுமாம். மொத்தப் பாதையையும் 2013-ல் ஒரு நேபாள அணி 11 மணி நேரத்துக்குள் ஓடி முடித்திருக்கிறது. அவர்களுக்கு நள்ளிரவே கிடையாது.

ஷிங் முன் அணைக்கு அவர்கள் வந்தது விடியும் நேரம். 62 கிலோமீட்டர். குரங்குகள் எழுந்துவிட்டன. 1941 டிசம்பரில் ஜப்பானியப் படை ஓரிரவில் பிடித்த பிரிட்டிஷ் அரண் இந்த மேட்டில்தான் சிதைந்து கிடக்கிறது. அக்கா பக்கவாட்டில் அடி வைத்து இறங்கி வந்தார். வலது முழங்கால் பன்னாக வீங்கியிருந்தது. அடுத்தது நீடில் ஹில்: 532 மீட்டர், முடிவேயில்லாத படிக்கட்டுகள். ஏறினாலும் மறுபக்கம் இறங்க வேண்டும். முழங்காலைக் கொல்வது இறக்கம்தான்.

மருத்துவர் அழுத்திப் பார்த்துவிட்டுத் தலையை மட்டும் ஆட்டினார்.

"இன்னும் கொஞ்சம் மெதுவாப் போலாம் அக்கா. டைம் இருக்கு," என்றார் தலைவர்.

"டைம் இருக்கு, கால் இல்லையே தம்பி. நீங்க போங்க. நான் பஸ்ல வந்துடறேன்."

ஆசிரியை அழுதுவிட்டார். அக்கா அழவில்லை. அணி எண்ணைச் சொல்லிப் பெயரை வெட்டச் சொன்னார், கையெழுத்துப் போட்டார், என் பிளாஸ்கிலிருந்து சுக்குக் காப்பியை ஊற்றிக் குடித்தார். மூவரும் மேலே ஏறுவதைக் கீழிருந்து பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நானும் அவரும் மெல்ல நடந்து வந்து 82-ஆம் எண் மினிபஸ்ஸில் போய்ச் சுன் வானில் இறங்கினோம்.

அணி திரட்டிய தொகையில் பாதிக்கு மேல் அவருடையது என்று வழியில்தான் தெரிந்தது. பட்டியலைக் கைபேசியில் வைத்திருந்தார். கொடுத்தவர், சொன்ன தொகை, வந்த தொகை, பாக்கி. கணக்குக்காரர் அல்லவா. ஆக்ஸ்பாம் என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டவர்களும் இருந்தார்களாம். பிரிட்டன் ஆக்ஸ்பாம் ஊழியர்கள் ஹெய்ட்டியில் செய்த அசிங்கம் 2018-ல் அம்பலமானதை மறக்காதவர்கள். "நான் சண்டை போடலை. ஹாங்காங் ஆக்ஸ்பாம் தனி அமைப்பு, வருஷக் கணக்கு வெளியிடறாங்க, நீங்களே பாருங்கன்னேன். ரெண்டு பேர் பாத்துட்டுக் கொடுத்தாங்க. ஒருத்தர் கடைசி வரைக்கும் கொடுக்கலை. அது அவர் இஷ்டம்."

கிராசி ஹில், தாய் மோ ஷான் என்று மீதிப் பாதையை நான் வரிசையாகச் சொல்லத் தேவையில்லை. 957 மீட்டர் உயரமுள்ள தாய் மோ ஷானில் மூடுபனியும் காற்றும் இருந்தன, மூவரும் ரூட் டுவிஸ்க் சாவடிக்கு விறைத்துப்போய் வந்தார்கள், மிச்சமிருந்த எலுமிச்சைச் சாதத்தை நின்றபடியே அள்ளித் தின்றார்கள், போனார்கள்.

முடிவிடம் யுன் லோங் பக்கம் தாய் டோங். நாங்கள் கே66 பேருந்தில் போய் இறங்கியபோது இருட்டிவிட்டது. வந்து சேரும் ஒவ்வோர் அணிக்கும் கூட்டம் "கா யாவ், கா யாவ்" என்று உற்சாகமூட்டிக் கத்துகிறது. இரவு எட்டரை மணிக்கு நம் மூவர் வந்தார்கள். மாணவன் காலணியைக் கையில் தூக்கிக்கொண்டு காலுறையோடு வந்தான். புகைப்படம் எடுப்பவர் நிற்கச் சொன்னபோது, நால்வராகத்தான் நிற்போம் என்று அடம்பிடித்து அக்காவையும் இழுத்துக்கொண்டார்கள். அவர் கைபேசியில் பேசியபடியே படத்தில் நின்றார்.

மறுமுனையில், கிலோமீட்டருக்கு 20 டாலர் என்று வாக்குக் கொடுத்திருந்த பெரியவர். அக்கா நின்றது 62-ல் என்றால் 1,240 டாலர்தானே என்று அவர் கணக்குப் போட்டிருக்கிறார்.

"இல்ல மாமா, நீங்க அணிக்குத்தானே சொன்னீங்க? அணி முடிச்சிருச்சு. மூணு பேர் இங்கதான் நிக்கிறாங்க, வேணும்னா போட்டோ அனுப்பறேன்." சற்று நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். "ரெண்டாயிரம். ஆமா. இப்பவே அனுப்பிடுங்க மாமா, நான் லைன்லயே இருக்கேன்."