நெர்ஹா: குளிர்காலத்தில் தன்னிலைக்குத் திரும்பும் கடற்கரை ஊர்

ஸ்பெயினின் தென்பகுதியான அந்தலூசியாவில், மாலகா நகரிலிருந்து கிழக்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில், மத்தியதரைக் கடலின் விளிம்பில் எழுந்த ஒரு பாறைமேட்டின் மீது அமைந்துள்ள சிற்றூர் நெர்ஹா. ‘கதிரவன் கரை’ என்று பொருள்படும் கோஸ்தா தெல் சோல் கடற்கரைப் பகுதியின் கிழக்கு முனை இதுவே. இருபதாயிரத்தைச் சற்றே கடந்த மக்கள்தொகை கொண்ட இவ்வூர் ஆகஸ்ட் மாதத்தில் பல மடங்காகப் பெருத்துவிடுவதால், கோடையில் வருபவர் காண்பது பெரும்பாலும் ஊரையன்று, தம்மைப் போல் வந்த கூட்டத்தையே. நண்பர்கள் சிலர் சேர்ந்து அவசரமின்றிச் சில வாரங்கள் தங்குவதற்கு நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலான காலமே ஏற்றது என்று கொள்வதற்கு இக்கூட்டம் ஒரு காரணம். இங்கு நிலவும் தட்பவெப்பம் மற்றொன்று.

ஊருக்கு வடக்கே, கடலிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலேயே, சியர்ரா அல்மிஹாரா என்னும் மலைத்தொடர் செங்குத்தாக எழுகிறது. அதன் சிகரங்களுள் ஊரை நோக்கி நிற்கும் எல் சியேலோ 1,500 மீட்டர் உயரமுடையது. உள்நாட்டுப் பீடபூமியிலிருந்து இறங்கி வரும் வாடைக்காற்றை இம்மலை தடுத்துவிடுகிறது. கோடையில் தான் ஏற்ற வெப்பத்தைக் கடல் மெல்ல மெல்ல வெளிவிடுகிறது. இவ்விரண்டின் விளைவாக, ஜனவரியிலும் பகல் வெப்பநிலை 16, 17 பாகையை எட்டுகிறது. இரவில் மட்டும் ஒரு கம்பளிச் சட்டை தேவைப்படுகிறது. கடல்நீர் 15 பாகை அளவுக்குக் குளிர்ந்திருப்பதால் நீந்தும் ஆசையோடு வருபவர் ஏமாறுவர். ஆண்டு மழையின் பெரும்பகுதியும் இப்பருவத்திலேயே பெய்கிறது என்றாலும், அது ஓரிரு நாள் கொட்டிவிட்டு வெயிலுக்கு வழிவிடும் மழை. உறைபனி அரிதான இக்கரையில் அவகாடோவும் மாமரமும் தோட்டப்பயிர்களாக விளைகின்றன. சீத்தாப்பழத்தின் உறவான செரிமோயா அக்கம்பக்கத்துக் கடைகளில் குளிர்காலம் முழுவதும் கிடைக்கிறது. ஜனவரி இறுதியில் மலைச்சரிவுகளில் வாதுமை மரங்கள் பூக்கத் தொடங்கும்.

ஊரின் நடுவே கடலுக்குள் நீண்டிருக்கும் பாறை முனைக்கு ‘ஐரோப்பாவின் மாடம்’ என்று பெயர். முஸ்லிம் ஆட்சிக்காலம் முதல் காவல் அரண் நின்ற இடம் இது. 1487-இல் கத்தோலிக்க அரசர்களின் கைக்கு இப்பகுதி மாறிய பின்னரும் கடற்கொள்ளையரைக் கண்காணிக்க இங்கே கோட்டை பயன்பட்டது. நெப்போலியனின் படைகளுக்கு எதிரான போரின்போது, 1812-இல், ஆங்கிலேயர் அதைத் தகர்த்தனர். 1884 டிசம்பர் 25 இரவு அந்தலூசியாவை உலுக்கிய நிலநடுக்கத்தில் நூற்றுக்கணக்கானோர் மாண்டதை அடுத்து, அழிவைக் காண மறு ஜனவரியில் வந்த அரசர் பன்னிரண்டாம் அல்போன்சோவே இம்முனைக்கு இப்பெயரைச் சூட்டினார் என்பது ஊரார் விரும்பிச் சொல்லும் செய்தி. அவர் வருவதற்கு முன்பே இப்பெயர் ஆவணங்களில் இடம்பெற்றுள்ளது என்று ஆய்வாளர் காட்டியிருப்பினும், கம்பிவேலியின் ஓரம் நிற்கும் அவருடைய வெண்கலச் சிலையின் தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொள்பவர் எவரும் அதைப் பொருட்படுத்துவதாகத் தெரியவில்லை.

குளிர்காலத்தில் நெர்ஹாவின் நாளை வகுப்பது உணவுவேளைதான். காலையில் காப்பியும், எண்ணெய்யும் அரைத்த தக்காளியும் தடவிய வாட்டிய ரொட்டியும்; பகல் உணவு இரண்டு மணிக்கு மேல்; அப்போது மூடும் சிறு கடைகள் ஐந்து மணியளவில்தான் மீண்டும் திறக்கும்; இரவு உணவு ஒன்பதுக்கு முன் அரிது. பெரும்பாலான உணவகங்களில் நண்பகலில் ‘மெனு தெல் தியா’ எனப்படும் நாள்சாப்பாடு கிடைக்கும். இரண்டு பரிமாறல்கள், ரொட்டி, ஒரு பானம், இறுதியில் பழமோ இனிப்போ ஆகியவற்றை ஒரே விலையில் தரும் இம்முறை 1960-களில் அரசின் விதியால் பரவியது. இன்றும் சிக்கனமாக உண்பதற்கு அதுவே வழி. உண்டு முடித்தபின் மேசையை விட்டு எழாமல் ஒரு மணிநேரமோ அதற்கு மேலோ பேசியிருப்பதை ஸ்பானியர் ‘சோப்ரெமேசா’ என்று குறிப்பிடுகின்றனர். பரிமாறுபவர் கணக்குச் சீட்டைத் தாமாகக் கொண்டுவந்து வைப்பது அங்கே மரியாதைக் குறைவு, கேட்டால்தான் வரும். பழைய நண்பர்கள் கூடும் விடுமுறைக்கு இதைவிட ஏற்ற வழக்கம் வேறு இல்லை. மணலில் தீ மூட்டி, நாணல் குச்சியில் கோத்த மத்தி மீனைச் சுடும் ‘எஸ்பேத்தோ’ இக்கரையின் பெயர்பெற்ற உணவு எனினும், மத்தி கொழுத்திருப்பது மே முதல் ஆகஸ்ட் வரையில்தான் என்பதால், ஜனவரியில் அதைத் தேடாமல் மழைநாள் உணவான ‘மீகாஸ்’ கேட்பது அறிவுடைமை. ரவையைப் பூண்டுடன் எண்ணெய்யில் உதிர உதிரக் கிளறி, வறுத்த மீனுடன் உண்பது அது.

ஊருக்குக் கிழக்கே மாரோ என்னும் சிற்றூரை ஒட்டி நெர்ஹாவின் குகை உள்ளது. 1959 ஜனவரி 12 அன்று வௌவால் பிடிக்கச் சென்ற ஐந்து இளைஞர்கள் பாறை இடுக்கொன்றின் வழியே இதனுள் நுழைந்தனர். அடுத்த ஆண்டே குகை பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. பளிங்குப் பாறையைச் சற்றே அமிலத்தன்மை கொண்ட மழைநீர் பல இலட்சம் ஆண்டுகளாகக் கரைத்ததால் உருவான இக்குகையின் மொத்த நீளம் ஏறத்தாழ 5 கிலோமீட்டர். கூரையிலிருந்து தொங்கிய சுண்ணப் படிவும் தரையிலிருந்து வளர்ந்த படிவும் கூடி உருவான 32 மீட்டர் உயரத் தூண் ஒன்று இங்கே நிற்கிறது. உலகிலேயே மிகப் பெரியவற்றுள் ஒன்றாக அது எண்ணப்படுகிறது. பழங்கற்கால ஓவியங்கள் உள்ள பகுதிகள் பார்வையாளருக்குத் திறக்கப்படுவதில்லை. அவற்றுள் கடல்நாய்களைக் குறிப்பதாகக் கருதப்படும் சில உருவங்கள் நியண்டர்தால் மனிதர் வரைந்தவையா என்பது குறித்து அறிஞரிடையே கருத்து வேறுபாடு நீடிக்கிறது.

மாரோவுக்குச் செல்லும் பழைய சாலையின் ஓரம், நான்கு அடுக்குகளும் 37 வளைவுகளும் கொண்ட ‘கழுகுக் கால்வாய்ப் பாலம்’ ஒரு பள்ளத்தாக்கைக் கடந்து நிற்கிறது. பலரும் நினைப்பது போல இது ரோமானியர் கட்டியதன்று. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மாரோவின் சர்க்கரை ஆலைக்கு நீர் கொண்டுசெல்ல எழுப்பப்பட்டது. அரேபியர் கொணர்ந்த கரும்பு பல நூற்றாண்டுகள் இக்கரைக்குச் சோறிட்டது. அண்டைக் கிரனாதா கரையில் கடைசிக் கரும்பு அறுவடை 2006-இல் நடந்தது. மலைச்சரிவில் 6 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஃப்ரிஹிலியானா என்னும் வெள்ளைச் சுவர் ஊரில் மட்டும், பழைய மாளிகை ஒன்றில் கரும்புப் பாகு காய்ச்சும் ஆலை இன்றும் இயங்குகிறது. வறுத்த கத்தரிக்காயின் மீது அப்பாகை ஊற்றி உண்பர். கட்டாயத்தால் கிறித்தவராக்கப்பட்ட முஸ்லிம்களான மொரிஸ்கோக்கள் 1569-இல் இவ்வூர்ப் பாறைமுகட்டில் அரச படையோடு பொருது தோற்ற வரலாறு அதன் தெருச் சுவர்களில் பீங்கான் ஓடுகளில் எழுதப்பட்டுள்ளது. வேனில் நெரிசலில் அவற்றின் முன் நின்று படிக்க இயலாது.

மீன்பிடியும் கரும்பும் பிழைப்பாக இருந்த ஊரைச் சுற்றுலா ஊராக நாடறியச் செய்ததில் குகைக்கு அடுத்த பங்கு, 1981-82-இல் ஸ்பானியத் தொலைக்காட்சி ஒளிபரப்பிய ‘நீலக் கோடை’ என்னும் தொடருக்கு உரியது. ஓராண்டுக்கும் மேல் இங்கே படமாக்கப்பட்டதால், அக்கோடையின் சில காட்சிகள் குளிர்காலத்தில் எடுக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது எண்ணிச் சிரிக்கத்தக்கது. சுற்றுலாவால் வந்த வளத்திற்கு விலையும் உண்டு. வாடகைக் குடியிருப்புகள் பெருகியதால் ஊரின் இளைஞருக்கு வீடு எட்டாப் பொருளாகிவிட்டது. இவ்வட்டாரத்தின் முதன்மை நீர்த்தேக்கமான லா வின்யுவேலா 2024 தொடக்கத்தில் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே வறண்டது. நீர் வேட்கை மிகுந்த அவகாடோவை இந்நிலத்தில் பயிரிட்டுக்கொண்டே போவது தவறு என்ற குரல் நியாயமானதே.

இவ்வூருக்கு இரயில் இல்லை. மாலகாவிலிருந்து பேருந்தில் ஒரு மணிநேரத்திற்குச் சற்று மேலாகும். இந்தியக் கடவுச்சீட்டு உடையோர் ஷெங்கன் விசா பெற வேண்டும். குகை ஜனவரி 1 அன்று திறப்பதில்லை. ஸ்பானியக் குழந்தைகள் பரிசுக்காகக் காத்திருக்கும் மூன்று அரசர் திருநாளான ஜனவரி 6 அன்று பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும் என்பதால், வீடெடுத்துச் சமைத்துக்கொள்வோர் வேண்டிய பொருள்களை முந்தைய நாள் மாலை ஊர்வலம் தொடங்குவதற்கு முன்பே வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.