கால்தாங்கி

பழைய பொருளைப் புதுப்பிப்பதில் கைவேலை ஒரு பாதி. எதைக் களைவது, எதைக் காப்பது என்று தேர்வது மறுபாதி. முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழ்ப்பள்ளியில் பாடம் சொல்லி ஓய்வுபெற்ற எனக்கு இவ்வுண்மையைக் கற்பித்தது ஒரு மோட்டார் சைக்கிள்.

என் தந்தையார் ரப்பர்த் தோட்டப் பள்ளி ஒன்றில் ஆசிரியராக இருந்தவர். 1955ஆம் ஆண்டில், வேறொருவர் ஓட்டித் தேய்த்த பி.எஸ்.ஏ. பாண்டம் வண்டி ஒன்றை வாங்கினார். பாண்டம் என்பது குட்டை இனக் கோழியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல். பெயருக்கேற்ற உருவம்தான். 123 சி.சி. எந்திரம், நான்கரைக் குதிரைத்திறன், மூன்றே கியர், உடலெங்கும் இளம்பச்சை வண்ணம். செம்மண் சாலையில் அதன் படபட ஓசை கேட்டதும் லயத்துப் பிள்ளைகள் பள்ளியை நோக்கி ஓடத் தொடங்குவார்கள்.

அவ்வண்டியின்மீது எனக்கு நெடுநாள் மனத்தாங்கல் ஒன்று இருந்தது. நாங்கள் குடியிருந்த பிரிவிலிருந்து பள்ளிக்கு ஒன்றரை மைல். தந்தையார் வண்டியில் போவார். நான் நடந்து போவேன். பின்னிருக்கையிலோ வேறொரு பிள்ளை அமர்ந்திருக்கும். ஒருநாள் அழுதுகொண்டே காரணம் கேட்டேன். "உனக்குக் கால் நன்றாக இருக்கிறது, நட" என்றார். அதற்குமேல் அவர் விளக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

1984இல் தந்தையார் மறைந்தார். வண்டி மட்டும் எங்களோடு வீட்டுக்கு வீடு மாறி வந்து, கார் நிறுத்தும் கொட்டகையின் மூலையில் துருவேறிக் கிடந்தது. பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட எத்தனையோ முறை எண்ணினேன், மனம் வரவில்லை. நான் ஓய்வுபெற்றபின் ஒருநாள் என் மகன், "அப்பா, தாத்தாவின் வண்டியை நாம் இருவரும் ஓட வைப்போமே" என்றான். கொட்டகை பட்டறையாயிற்று. காரை வெயிலில் நிறுத்தினோம்.

பிஸ்டன் சிலிண்டரோடு இறுகிப் போயிருந்தது. தீப்பொறிக் கட்டையைக் கழற்றி, அத்துளை வழியே டீசல் ஊற்றிப் பத்து நாள் காத்திருந்தோம். பதினொன்றாம் நாள் மெல்ல அசைந்து கொடுத்தது. மில்லிமீட்டர் ஸ்பேனர்கள் அதன் மரைகளுக்குப் பொருந்தவில்லை. தந்தையார் எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்திருந்த விட்வொர்த் ஸ்பேனர்களே கைகொடுத்தன. பெட்ரோலோடு எண்ணெயையும் கலந்து ஊற்றும் எந்திரம் அது. அக்கலவை முதலில் பிஸ்டனுக்குக் கீழுள்ள அறைக்குள் புகுந்து, அங்கே அழுத்தப்பட்டு, பிறகுதான் மேலே ஏறும். ஆகவே அவ்வறையில் காற்றுக் கசியலாகாது. நெடுங்காலம் கிடந்த வண்டியில் சுழல்தண்டின் இருபுறத்து அடைப்பு வளையங்களும் காய்ந்து வெடித்திருந்தன. அவற்றை மாற்றாமல் எத்தனை முறை உதைத்தாலும் பயனில்லை என்பதை ஒரு மாதம் உதைத்த பிறகே அறிந்தோம்!

சட்டத்தின் வண்ணத்தைச் சுரண்டியபோதுதான் அது கண்ணில் பட்டது. பின்னிருக்கைக்குக் கீழே, வழக்கமான கால்தாங்கிகளுக்கு ஒரு சாண் மேலே, இருபுறமும் இரண்டு குட்டை இரும்புத் துண்டுகள் பற்றவைக்கப்பட்டிருந்தன. பற்றவைப்பும் கரடுமுரடாக இருந்தது.

"இவை கம்பெனி வைத்தவை அல்ல, அப்பா. இரண்டும் ஒரே உயரத்தில்கூட இல்லை. யாரோ அவசரத்தில் ஒட்டியிருக்கிறார்கள். அரைத்து எடுத்துவிட்டால்தான் மூல வடிவம் கிடைக்கும்" என்றான் மகன். நானும் தலையசைத்தேன். அவன் அரைக்கும் கருவியைக் கையில் எடுத்துவிட்டான்.

அப்பொழுது இடப்புறத் துண்டைத் துணியால் துடைத்தேன். மிதிவண்டி டியூபை வெட்டி, அதன்மேல் சுற்றிக் கம்பியால் கட்டியிருந்தது. அவசரத்தில் ஒட்டியவர் இவ்வளவு அக்கறையாகக் கட்டுவாரா? வலப்புறத்தைவிட இடப்புறம் மூன்று விரற்கடை உயரம். அளந்து பார்த்த கை அப்படியே நின்றது. பின்னிருக்கையில் அமர்ந்து வந்த அந்தப் பிள்ளை என் நினைவில் எழுந்தாள். இளம்பிள்ளை வாதத்தால் இடக்கால் சூம்பிக் குட்டையாகிப் போனவள் அவள். தோட்டத்தின் கடைசிப் பிரிவிலிருந்து அவளை நாள்தோறும் பள்ளிக்கு ஏற்றி வந்தவர் என் தந்தையார். தொங்கும் கால் சக்கரத்தில் சிக்கிவிடாதிருக்க, அக்காலின் அளவுக்கே ஒரு தாங்கி வைத்திருக்கிறார்! "உனக்குக் கால் நன்றாக இருக்கிறது" என்று அவர் சொன்னதைக் கடிந்துரையாகவே அறுபது ஆண்டுகள் சுமந்து வந்தேன். அது வெறும் உண்மையுரை. என் பொறாமை அவள் அமர்ந்திருந்த இருக்கையை நினைவில் வைத்தது. அவள் காலை மறந்துவிட்டது.

மகனிடம் சொன்னேன். கருவியைக் கீழே வைத்தவன், சற்று நேரம் கழித்து, "அப்படியானால் மூல வடிவம் என்பது?" என்றான். நியாயமான கேள்விதான். ஆனால் பாண்டம் வண்டிக்கே மூலம் வேறு. 1939இல் ஜெர்மனியின் டி.கே.டபிள்யூ. நிறுவனம் ஆர்.டி. 125 என்னும் வண்டியைப் படைத்தது. போருக்குப்பின் அதன் வரைபடங்கள் இழப்பீடாகப் பிரிட்டனுக்குப் போயின. பி.எஸ்.ஏ. நிறுவனத்தார் அவற்றைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலமாகத் திருப்பி, தம் நாட்டு வழக்கப்படி கியர் மிதியை வலக்காலுக்குக் கொண்டுவந்து, 1948இல் பாண்டம் என்று வெளியிட்டனர். ஜப்பானின் யமஹா 1955இல் வெளியிட்ட முதல் மோட்டார் சைக்கிளும் அதே ஜெர்மன் வண்டியைத் தழுவியதே. ஒவ்வொருவரும் தம் தேவைக்கேற்ப மாற்றினர். ஒரு மாணவியின் காலுக்காக என் தந்தையாரும் மாற்றினார். ஏட்டுச்சுவடியைப் பதிப்பிக்கும் அறிஞர், ஓரத்துக் கிறுக்கலையும் ஆராய்ந்து பார்க்காமல் நீக்கமாட்டார். நாங்களோ படிக்காமலே அழிக்கப் புகுந்தோம்.

அதன்பின் எங்களுக்கு ஒரு நெறி கிடைத்தது. உயிரைக் காக்க வேண்டியவற்றை, அதாவது டயர், பிரேக் கட்டை, மின்கம்பி ஆகியவற்றைத் தயங்காமல் புதிதாக்கினோம். மனிதர் கைபட்ட அடையாளங்களைக் காத்தோம். இரும்புத் துண்டுகளின் துருவை மட்டும் நீக்கி, சட்டத்தின் இளம்பச்சையையே அவற்றுக்கும் பூசினோம். பழைய விளக்கு மின்மினிபோல் மங்கலாக எரிந்தது. மகன் தன் பங்காக ஒளிமிக்க விளக்கொன்றைப் பொருத்தினான். நான் தடுக்கவில்லை. அது அவன் காலத்துத் தேவை.

பதினான்கு மாத உழைப்புக்குப்பின் எந்திரம் இருமி, புகை கக்கி, படபடவென்று பேசியது. முதல் ஓட்டத்திலேயே, பிரேக் என்று எண்ணி வலக்காலை அழுத்தினேன், கியர் மாறிற்று, வண்டி நேரே பூஞ்சட்டிகளுக்குள் புகுந்தது. நல்லவேளையாகச் சேதம் சட்டிகளோடு போயிற்று.

சென்ற வாரம் பேத்தி பின்னிருக்கையில் ஏறி அமர்ந்தாள். கால்களால் துழாவிப் பார்த்துவிட்டு, "தாத்தா, இது ஏன் ஒன்று மேலே இருக்கிறது, ஒன்று கீழே இருக்கிறது?" என்று கேட்டாள். எந்திரத்தை நிறுத்திவிட்டு, அவளுக்குத் தன் கொள்ளுத்தாத்தாவைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். அன்று அவற்றை அரைத்து எடுத்திருந்தால், அவள் கேட்டிருக்கவே மாட்டாள் அன்றோ!