அக்காவுக்கு ஒரு பதில்

கொடைக்கானல்,
ஞாயிறு இரவு.

கர்த்தருக்குள் அன்பான அக்காவுக்கு,

உன் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. சின்னவனை ஆறாம் வகுப்புக்கு இங்கே எங்கள் பள்ளி விடுதியில் சேர்க்கலாமா என்று கேட்டிருந்தாய். "நீதான் அங்கே டார்ம் பேரன்ட் ஆச்சே, பிறகு எனக்கென்ன கவலை" என்று ஒரு வரி எழுதியிருக்கிறாயே, அதற்காகத்தான் பையன்களைத் தூங்கப் பண்ணிவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீ பாளையங்கோட்டையில் விடுதியில் இருந்தபோது வார்டன் மணியடிப்பார்கள், பேர் கூப்பிடுவார்கள், பிறகு தங்கள் அறைக்குப் போய்விடுவார்கள் என்பாய். இங்கே எங்கள் அடுக்களைக் கதவைத் திறந்தால் பையன்களின் அறைகள். 22 பேர். கொரியா, நேபாளம், பூட்டான், மிசோரம், சென்னை. காலையில் எழுப்புவது, ஈரத்துண்டைக் கட்டிலிலிருந்து எடுக்க வைப்பது, சாயங்காலம் படிக்க உட்கார வைப்பது, ஜெபம் முடிந்து ஒன்பதரைக்கு விளக்கணைப்பது என்று நாள் ஓடிவிடும். விளக்கணைத்த பிறகுதான் எங்கள் வேலை ஆரம்பம். பகலெல்லாம் பந்து உதைத்தவன் தண்ணீர் வேண்டுமென்று வந்து நிற்பான். நான் பால் காய்ச்சுவேன். அது ஆறுவதற்குள் மனதில் இருப்பதைச் சொல்லிவிடுவான்.

போன மாதம் மிசோரம் பையனின் பாட்டி இறந்துபோனார்கள். மலையிறங்கி மதுரை போய், விமானம் மாறி மாறிப் போனாலும் அடக்கத்துக்குள் போய்ச் சேர முடியாது. அவர்கள் ஊரில் துக்க வீட்டில் ராத்திரி ஊரே கூடிப் பாடுமாம், நம்மூரில் ஞானப்பாட்டு பாடுகிற மாதிரி. அவன் அம்மா போனை அந்தப் பாட்டின் நடுவே வைத்துவிட்டார்கள். அவன் எங்கள் வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்து, போனைக் காதோடு அணைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் கேட்டான். மெதுவாகக் கூடவே பாடவும் செய்தான். எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. கம்பளியை அவன் தோளில் போட்டுவிட்டு இரண்டு படி கீழே உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு நான் செய்ய முடிந்தது அவ்வளவுதான். மீதியெல்லாம் அவன் அம்மா செய்தார்கள், அத்தனை தூரத்திலிருந்து.

பிள்ளையைப் பிரிந்திருக்கும் இந்தத் தூரம் இங்கே புதிதல்ல. 1901இல் இந்த மலையில் அமெரிக்க மிஷனரிகள் ஹைகிளர்க் என்று ஒரு பள்ளி தொடங்கினார்கள். அதற்கு முன்பு பிள்ளைகளைக் கப்பலேற்றிச் சொந்த நாட்டுக்கு அனுப்பிவிட்டு வருஷக்கணக்கில் முகம் பார்க்காமல் இருந்த தாய்மார் உண்டு. பிள்ளை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்ற ஏக்கத்தில் பிறந்தவைதான் இந்த மாதிரிப் பள்ளிகள். இன்றைக்குக் கப்பல் இல்லை, கையில் போன் இருக்கிறது. ஆனாலும் சனிக்கிழமை ஏழு மணிக்குக் கூப்பிடுவதாகச் சொன்ன அப்பாவுக்காக எட்டரை வரைக்கும் போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் பையனை நான் பார்த்திருக்கிறேன். நான் காய்ச்சிக் கொடுத்த பாலும் அவனுக்கு இறங்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போன வருஷம் ஒருநாள் என் மகனே மற்றவர்களோடு சேர்ந்து என்னை "ஆன்ட்டி" என்று கூப்பிட்டுவிட்டான். அவன் கவனிக்கவில்லை. நான் அடுக்களைக்குள் போய் அழுதேன். அன்றிலிருந்து ஞாயிறு மத்தியானம் நாங்கள் மூன்று பேர் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுகிறோம். பெற்றவள் பக்கத்து அறையில் இருந்தும் இப்படியென்றால், திருநெல்வேலியில் இருக்கிற நீ எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும், யோசித்துப் பார்.

சேர்க்கவே வேண்டாம் என்று சொல்லவில்லை அக்கா. இங்கே பையன்கள் ஒருவனுக்கொருவன் துணையாக வளர்கிறார்கள். மேசையில் நாலு பாஷையில் ஜெபம் கேட்கிறது, அது நம் வீட்டில் கிடைக்காது. ஆனால் ஆறாம் வகுப்பு சீக்கிரம். எட்டாம் வகுப்பு வரைக்கும் உன்னோடு இருக்கட்டும். சித்தி இருக்கிறாள் என்பதற்காக அனுப்பாதே. அவனே வருகிறேன் என்று சொன்னால் அனுப்பு.

மே மாதம் அவனைக் கூட்டிக்கொண்டு வா. அறைகளைக் காட்டுகிறேன். ராத்திரி இங்கே ஒரு கட்டிலில் தனியாகப் படுத்துப் பார்க்கட்டும். அத்தானிடமும் இதைப் படித்துக் காட்டு. அனுப்புவதென்று முடிவு செய்தால், ஏழு மணிக்குக் கூப்பிடுவேன் என்று அவனிடம் சொன்ன நாளெல்லாம் ஏழு மணிக்கே கூப்பிடுங்கள்.

அன்புடன்,
உன் தங்கை