வன்தட்டு இல்லாத ஆயிரம் கணினிகள்

மின்சாரம் நின்ற பின்னும் இயங்குதளத்தையும் கோப்புகளையும் காத்துவைத்திருப்பது வன்தட்டு, அதாவது ஹார்டு டிஸ்க். அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வசதியற்ற பள்ளிகளுக்கான ஒரு சிக்கனப் பெட்டிதான் என்ற எண்ணம் பலரிடம் உண்டு. அதற்கு வரலாற்றில் காரணமும் உண்டு. ஆயினும் பெங்களூருவில் இந்திய அறிவியல் கழகம் 2015-இல் நிறுவிய ‘சஹஸ்ர-டி’ என்னும் க்ரே எக்ஸ்சி40 மீத்திறன் கணினி, அவ்வாண்டு ஜூன் மாத உலகத் தரவரிசையில் 79-ஆம் இடத்தைப் பெற்றபோது நொடிக்கு 901.5 லட்சம் கோடிக் கணக்கீடுகளைச் செய்துகாட்டியது. அந்த வேலையைச் செய்த கணுக்கள் ஒன்றில்கூட வன்தட்டு கிடையாது. கணு என்பது தனக்கென நினைவகமும் செயலிகளும் உடைய ஒரு முழுக் கணினி. மீத்திறன் கணினி என்று ஒருமையில் சொல்லப்படுவது இத்தகைய கணுக்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை ஒன்றுகூடிய ஒரு படை.

வட்டில்லாத கணினி விழித்தெழும் முறையில் ஒவ்வொரு படியிலும் பிறரை நம்ப வேண்டியிருக்கிறது. மின்சாரம் வந்தவுடன் அதற்குத் தெரிந்தது, நெட்வொர்க் கார்டின் சிறிய நிலைநினைவகத்தில் எழுதப்பட்டிருக்கும் சில ஆணைகள் மட்டுமே. தன் பெயரும் முகவரியும் அறியாத அந்தக் கணினி, கார்டின் பன்னிரண்டு இலக்க வன்பொருள் எண்ணை மட்டும் சொல்லி, வலையமைப்பு முழுவதும் கேட்கும்படி “நான் யார்?” என்று கூவுகிறது. அதற்குப் பதில் தரும் நெறிமுறையை பில் கிராஃப்ட், ஜான் கில்மோர் ஆகிய இருவரும் 1985-இல் பூட்பி என்ற பெயரில் வகுத்தார்கள். இன்று வீட்டு ரவுட்டர்களும் பயன்படுத்தும் டிஹெச்சிபி அதிலிருந்து வளர்ந்ததே. பதிலில் கணினிக்கு ஒரு முகவரி கிடைக்கிறது. அதனுடன் எந்தச் சர்வரிடம் எந்தக் கோப்பைக் கேட்க வேண்டும் என்ற குறிப்பும் வருகிறது. அந்தக் கோப்பை டிஎஃப்டிபி என்னும் மிக எளிய நெறிமுறை 512 பைட்டுகள் கொண்ட சிறு துண்டுகளாகக் கொண்டுவருகிறது. ஒரு துண்டு கிடைத்தது என்ற ஒப்புகை வந்தால்தான் அடுத்தது கிளம்பும். கார்டின் சிறிய நினைவகத்தில் அடங்க வேண்டும் என்பதற்காகவே அது அவ்வளவு எளிமையாக வைக்கப்பட்டது. இவ்வாறு வந்து சேரும் லினக்ஸ் கெர்னல், அதாவது இயங்குதளத்தின் கரு, நினைவகத்தில் குடியேறியபின், மற்றக் கோப்புகளைச் சர்வரிலிருந்தே தன்னுடையவை போல எடுத்துக்கொள்கிறது. இன்டெல் 1990-களின் இறுதியில் பிஎக்ஸ்இ என்ற பெயரில் இந்தத் தொடக்க முறையைத் தரப்படுத்தியதால், சாதாரணக் கணினிகளுக்கும் இது வாய்த்தது.

கூவுகிறவருக்கு யாரும் பதில் சொல்லலாம் என்பதுதான் இதன் பலவீனம். கல்லூரிக் கணினி அறையில் வைஃபை வேண்டும் என்று யாரோ ஒருவர் வீட்டு ரவுட்டரை அதே ஸ்விட்சில் செருகிவிட்டால், அதுவும் முகவரி வழங்க முன்வந்துவிடும். கோப்பைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. கோப்பின் பெயர் கிடைக்கவில்லை என்று பொருள்படும் ‘பிஎக்ஸ்இ-ஈ53’ என்ற வரி கருந்திரையில் நிற்க, நேற்றுவரை ஓடிய அறை இன்று ஏன் எழவில்லை என்று ஆசிரியர் கேபிள் கேபிளாகப் பிடுங்கிப் பார்ப்பார். தவறு சர்வரிலும் இல்லை, கணினிகளிலும் இல்லை என்பதால் அதைக் கண்டுபிடிக்க அரை நாள் ஆகிவிடலாம்.

ஜிம் மெக்குவில்லன் 1999-இல் தொடங்கிய எல்டிஎஸ்பி என்னும் கட்டற்ற மென்பொருள் திட்டம் இம்முறையைப் பள்ளிகளுக்குக் கொண்டுசென்றது. நல்ல சர்வர் ஒன்று இருந்தால், கழிக்கப்பட்ட பழைய கணினிகள் அதன் திரைகளாக மட்டும் நின்று வேலை செய்யும். நாற்காலிக்கு ஓர் உரிமம் என்று பணம் கேட்க எவரும் இல்லை. அதே எண்ணத்தின் வேறொரு வடிவத்தைச் சென்னையின் நோவேஷியம் நிறுவனம் நெட்பிசி என்ற பெயரில் விற்றது. பெங்களூருவில் 2001-இல் அறிமுகமான சிம்ப்யூட்டரும் தூரத்து உறவுதான்: அந்தக் கையடக்க லினக்ஸ் கருவியை ஊரே பகிர்ந்துகொள்ளலாம், அவரவர் விவரம் அவரவர் ஸ்மார்ட் கார்டில் இருக்கும் என்பது அதை வடிவமைத்தவர்களின் கணக்கு. இவற்றில் எதுவும் பரவலாக வேரூன்றவில்லை. வன்தட்டின் விலை இறங்க இறங்க, அதை நீக்கி மிச்சம் பிடிப்பது என்ற வாதமும் தேய்ந்தது. 2011-இல் தமிழ்நாட்டு அரசு மாணவர் கையில் ஆளுக்கொரு மடிக்கணினியையே கொடுக்கத் தொடங்கிவிட்டது.

சஹஸ்ர-டியில் பணம் ஒரு காரணமாக இருந்திருக்க முடியாது. ஆயிரத்துக்கு மேற்பட்ட கணுக்களில் ஆளுக்கொரு வன்தட்டு இருந்தால், ஒன்று மாற்றி ஒன்று பழுதாகிக்கொண்டே இருக்கும் என்பது ஒரு காரணம். அதைவிட முக்கியமானது, ஒவ்வொன்றிலும் உள்ள மென்பொருள் மெல்ல மெல்ல வேறுபட்டுப் போகும் என்பது. எல்லாக் கணுக்களும் ஒரே பிம்பத்திலிருந்து, அதாவது சர்வரில் வைத்திருக்கும் ஒரே இயங்குதள நகலிலிருந்து, எழுந்தால், திருத்தத்தை ஓரிடத்தில் செய்தால் போதும். இன்னொரு நுட்பமும் உண்டு. பருவமழை மாதிரியைக் கணக்கிடும் ஒரு நிரல் ஆயிரம் கணுக்களில் ஒரே நேரத்தில் ஓடும்போது, ஒவ்வொரு கட்டத்திலும் எல்லாமே மிக மெதுவான கணுவுக்காகக் காத்திருக்க வேண்டும். பின்னணியில் ஓடும் அற்பமான ஒரு பணி எங்கோ ஒரு கணுவில் எழுந்தால்கூட அத்தனையும் நிற்கும். ஆகவே கெர்னலைச் சுற்றியிருக்கும் தேவையற்ற பணிகளை வெட்டியெறிய வேண்டியிருக்கிறது. பிம்பம் கணுவின் நினைவகத்திலேயே தங்குவதால் அது சிறியதாகவும் இருக்க வேண்டும். மூலநிரல் கையில் இல்லாத இயங்குதளத்தில் இந்த வெட்டுவேலை நடவாது. க்ரேயின் இயங்குதளம் முழுக்கவும் கட்டற்றதன்று. ஆனால் அதன் அடித்தளம் சூசே லினக்ஸ்.

எழுப்பும் வரிசையிலும் ஒரு படிநிலை உண்டு. வட்டுகளோடு இணைந்த பூட் கணு முதலில் எழுகிறது, பிறகு சேவைக் கணுக்கள், கடைசியாகவே கணக்கிடும் பெரும்படை. பள்ளி அறையிலும் நிலைமை இதுவே: மின்வெட்டுக்குப் பின் சர்வர் எழுந்து முடிக்குமுன் முப்பது கணினிகளும் ஒரே குரலில் கோப்பு கேட்டால், பாதி பொறுமையிழந்து நின்றுவிடும், முதல் வரிசையை இயக்கிவிட்டுச் சற்றுப் பொறுத்து அடுத்ததை இயக்க வேண்டும் என்பது தெரிந்த ஆள் அங்கே இருந்தாக வேண்டும். வன்தட்டை நீக்குவதால் மிச்சமாகும் உழைப்பு மறைந்துவிடுவதில்லை, சர்வரைப் பார்த்துக்கொள்பவர் தலையில் போய்ச் சேர்கிறது. ஆய்வு நிறுவனத்தில் அதற்கென்று சம்பளம் வாங்கும் குழு இருக்கிறது. பள்ளியில் அது பெரும்பாலும் ஆர்வமுள்ள ஓர் ஆசிரியர். அவர் மாற்றலாகிப் போனால் கடவுச்சொல்லும் அவரோடு போய்விடும். பணம் குறைந்த இடத்துக்கு என்று வகுக்கப்பட்ட முறை ஆள்பலம் உள்ள இடத்தில் நிலைத்ததற்கு விளக்கத்தை இங்குதான் தேட வேண்டும். பழைய கணினிகளைச் சேகரித்து இவ்வழியில் ஓர் அறை அமைக்க முனைவோர், எத்தனை பெட்டிகள் கிடைக்கும் என்று எண்ணுவதற்கு முன், இரண்டாவது சர்வர் ஒன்றுக்கும், அதை இயக்கத் தெரிந்த இரண்டாவது ஆளுக்கும் வழி செய்துகொள்வது நல்லது.